வேரோடு பார்க்காமல்

எங்கள் பம்ப் செக்‌ஷனில் அவருக்கு ‘தெரியாது’ என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். நெய்வேலியில் இப்படி ஒரு மனிதர் இருந்தது பெரிய அதிசயம். இங்கே டீக்கடை வாசலில் நிற்கிறவனுக்கு அடுத்து எந்த ஊர் நிலத்தை எடுப்பார்கள் என்று தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களை எப்போது பர்மனென்ட் பண்ணுவார்கள் என்று தெரியும். எனக்கு அவர்கள் எல்லோரையும்விட ஒரு படி கூடவே தெரியும். என் வாய் அப்படிப்பட்ட வாய். அந்த வாய் என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மைன்ஸுக்கு அடியில் தண்ணீர் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓயாமல் இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அதற்காக மைன்ஸ் விளிம்பைச் சுற்றிப் புதரும் மரமுமாகக் கிடக்கும் இடத்தில் போர் போட்டுப் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பம்பாக நடந்து மணிக்கொரு தரம் ரீடிங் எடுப்பது அவர் வேலை. அவர் பர்மனென்ட் ஆபரேட்டர், நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர். வயதில் எனக்கு ஏழெட்டு வருஷம் மூத்தவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று எழுதாது.

ஒரு தடவை மூன்றாம் நம்பர் பம்பில் பிரஷர் மானி முள் நின்றுபோயிருந்தது. நானாக இருந்தால் முந்தின மணிக்கு என்ன எழுதினேனோ அதையே கீழே இறக்கிவிட்டு வடை வாங்கப் போயிருப்பேன். அவர் அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவைத்தார். அடுத்த மணிக்கும் அதையே எழுதினார். எட்டு மணி நேரத்துக்கும் எட்டு ‘தெரியவில்லை’. இன்ஜினியர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, இது என்ன கடிதமா என்று கேட்டார். “முள்ளு ஓடலிங்க சார். ஓடாத முள்ள எப்படிங்க படிக்கிறது?” என்றார் இவர், ரொம்ப மரியாதையாக. மறுநாள் புது மானி வந்தது. நாங்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இன்னொரு தடவை பண்ருட்டியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். அவர் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க. பையன் எப்படி, குடிப்பானா, கோபக்காரனா என்று கேட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷமாக எதிரெதிர் வாசல். இவர் நிதானமாக யோசித்து, “தெரியலிங்க, கதவச் சாத்திகினு இருக்கற வூட்டுல என்ன நடக்குதுன்னு நான் எப்படிங்க சொல்றது” என்றாராம். சம்பந்தம் முறிந்துபோனது. பையனின் அப்பா ஆறு மாதம் இவரோடு பேசவில்லை. அண்ணி, அதாவது அவர் மனைவி, என்னிடம் சொல்லிச் சிரித்தார். “எங்க கல்யாணத்தன்னிக்கி பொண்ணு புடிச்சிருக்கான்னு யாரும் இவர கேக்கல தம்பி, நான் பொழச்சேன்.” இவரும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தார்.

காளான் விஷயத்தில் மட்டும் அந்தத் ‘தெரியாது’க்கு யாரும் சிரித்ததில்லை. எரிச்சல்தான் பட்டார்கள்.

ஆவணி, புரட்டாசியில் இரண்டு நாள் இடி இடித்து மழை பெய்தால் பம்புக்குப் பம்பு நடக்கிற வழியில் காளான் கிளம்பும். எல்லோரும் பார்த்தவுடன் குனிந்து காம்போடு கிள்ளுவார்கள். அவர் கிள்ள மாட்டார். பிடி உடைந்த பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சுற்றிலும் மண்ணை நெம்புவார். புற்றுக்காளானுக்குக் காம்பு மண்ணுக்குள் வேர் மாதிரி முழ நீளம் போகும், கறையான் கூடு வரைக்கும். அந்த அடிவரைக்கும் தோண்டி முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் அவருக்கு அது காளான். அடியில் முட்டை ஓடு உடைந்த மாதிரி உறை இருந்தால், காம்பில் வளையம் மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால், அங்கேயே வைத்துவிட்டுக் கையைப் பழைய வேட்டித் துண்டில் துடைத்துக்கொள்வார். அப்படியென்றால் உறை இல்லாதது எல்லாம் நல்லதா என்று நான் கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாதாம். அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு ஜாதி. புற்றுக்காளான், அப்புறம் பொடிப்பொடியாகக் கூட்டமாக வருகிற அரிசிக்காளான். மற்றது எதையும் தெரியாதாம். பத்து கிடைத்தால் எட்டை விட்டுவிட்டு வருகிற மனிதர்.

ஆபீஸ் கூட்டுகிற அம்மா ஒருத்தி, மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவைத்தால் விஷக் காளான் கறுத்துவிடும், வெள்ளிக் காசு போட்டாலும் தெரியும் என்று அடித்துச் சொன்னாள். அவர், கறுத்தால் கொட்டிவிடலாம், கறுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளையே கேட்டார். நத்தை கடித்திருக்கிறதே, புழு தின்றிருக்கிறதே என்று நான் காட்டினேன். “நத்தைக்கி இருக்கற வயிறு உனக்கு இருக்குதா தம்பி?” என்று கேட்டுவிட்டு நடந்தார். மருந்தடித்த முந்திரித் தோப்பில் எடுக்க மாட்டார். இரண்டு ஜாதியை ஒரே பையில் போட மாட்டார். பிளாஸ்டிக் கவரில் புழுங்கினால் அதையும் எறிந்துவிடுவார். சமைக்கிற அன்று ஒன்றை மட்டும் மண்ணோடு காகிதத்தில் சுற்றி ஜன்னல் கம்பியில் மூன்று நாள் சொருகி வைத்திருப்பார். ஏதாவது ஆனால் டாக்டருக்குக் காட்ட. குவார்ட்டர்ஸ் புல்லில் மழைக்குப் பின் வெள்ளை வெளேரென்று பெரிய குடைகள் முளைக்கும். பிளாக்கில் இருக்கிற பெண்கள் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து கேட்பார்கள். “தெரியலிங்க, வேணாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். இவரென்ன பெரிய இவர் என்று அவர்கள் முனகிக்கொண்டு போவார்கள். ஆனால் கொட்டிவிடுவார்கள்.

எனக்கு முதல் முறை டிபன் பாக்ஸ் மூடியில் இரண்டு ஸ்பூன்தான் வைத்தார். உன் வயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். மிளகு போட்டு அண்ணி செய்த குழம்பு. இன்னொரு ஸ்பூன் கேட்டுக் கெஞ்சினேன், கிடைக்கவில்லை.

அந்த இரண்டு ஸ்பூனைத் தின்றுவிட்டு நான் ஊரெல்லாம் பேசினேன். என் தங்கை செல்வியைக் குள்ளஞ்சாவடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்ட பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். மாப்பிள்ளைக்கு முந்திரித் தோப்பு உண்டு, என்னைவிட வசதி. அந்த வீட்டுக்குப் போனால் எனக்கென்று காட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் அவரைக் காட்டினேன். எங்கள் செக்‌ஷனில் ஒருத்தர் இருக்கிறார், காளானைக் கண்ணால் பார்த்தாலே ஜாதகம் சொல்லுவார், எனக்கு உயிர் நண்பர் என்று அளந்துவிட்டேன். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அன்றைக்கு எனக்கு அங்கே நல்ல மரியாதை.

புரட்டாசி மாதம். அந்த வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. மாப்பிள்ளைக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காது. முந்திரித் தோப்பில் காளான் கிளம்பியிருக்கிறது, கறி மாதிரியே இருக்குமே என்று ஆசையாகப் பறித்து வந்திருக்கிறார். காலை பதினோரு மணி இருக்கும், நாங்கள் பம்ப் ஷெட்டில் இருந்தோம். செல்வி என் போனுக்குப் படம் அனுப்பினாள். காம்பை நறுக்கி, கழுவி, எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தது. கீழே எழுதியிருந்தாள், ‘உன் ஃபிரண்டுகிட்ட காட்டிச் சொல்லுண்ணா, இவர் வெயிட் பண்றாரு.’

நான் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

“வேரக் காணமே தம்பி. அடிய வெட்டிட்டாங்க. இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது, கொட்டச் சொல்லு.”

இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. ஆனால் அங்கே மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜாதகம் சொல்லுவார் என்று அளந்தவன் நான். இப்போது ‘அவருக்குத் தெரியாதாம்’ என்று எப்படிச் சொல்வது? தவிர, இந்த மனிதர் எதற்குத்தான் தெரியாது என்று சொல்லவில்லை? முள் ஓடவில்லை என்றால் தெரியாது, எதிர் வீட்டுப் பையனைக் கேட்டால் தெரியாது. எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். அந்த வார்த்தை என் காதில் விழுந்து விழுந்து தேய்ந்துபோயிருந்தது.

வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்திப் பேசினேன். “பார்த்துட்டாரும்மா. ஒண்ணும் பயமில்ல. நல்லா வேகவச்சி சாப்புடுங்க, மாப்பிள்ளைக்கு நான் சொன்னன்னு சொல்லு.” நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். கையைக் காட்டி அடக்கிவிட்டு அனுப்பினேன். மறுபடி போன் பண்ணு, வேண்டாம் என்று சொல் என்றார். சரி, சரி என்றேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது, “சொல்லிட்டியா?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

செல்வி உப்புப் பார்க்க ஒரு வாய்தான் சாப்பிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது. மாப்பிள்ளை மதியமும் சாப்பிட்டு மீதியைப் பொழுது சாய்ந்தும் சாப்பிட்டார். அன்று இரவு வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்தது. மறுநாள் முழுக்கக் கிடந்தார். அதற்கு அடுத்த நாள் தெளிந்து, கஞ்சி குடித்து, எனக்கே போன் பண்ணி, காளான் நம்ம வயித்துக்கு ஆகல மச்சான் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. கடலூர் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பாண்டிச்சேரி. ஈரல் போய்விட்டது என்றார்கள். ஏழாம் நாள் காலையில் போய்விட்டார். முப்பத்தாறு வயது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பம்ப் ஷெட்டில் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், “கொட்டச் சொல்லலியா?” அவர் ஷெட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாவுக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம், யாரும் எதிர்பார்க்கவில்லை. மாலையோடு பைக்கில் தனியாக வந்து இறங்கினார். பந்தலில் மாப்பிள்ளையின் அண்ணன் என்னிடம் இவர் யாரென்று கேட்டார், சொன்னேன். அவர் நேராகப் போய் இவர் சட்டையைப் பிடித்தார்.

“நீதான் படத்தப் பாத்து சாப்புடலாம்னு சொன்ன ஆளா?”

பந்தல் முழுக்க எங்களைப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். தலைவிரி கோலமாகப் பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. பாவி, நான் திறக்கவில்லை.

“தெரியலிங்க,” என்றார் அவர். தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் அறிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை அவர்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ அடித்தார்கள். செல்வி எழுந்து வந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர்மேல் வீசி, நீ விளங்குவியா, உன் குடும்பம் விளங்குமா என்று கத்தினாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மாலையைப் போட யாரும் விடவில்லை. பைக்கின் ஹேண்டிலில் அதை மாட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

அடுத்த ஷிப்டில் அவர் காலைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அவர் காலை விலக்கிக்கொண்டார்.

“சொல்லி இன்னா பண்ணப்போற? புருசன் போயிட்டான். அண்ணனும் இல்லன்னு ஆக்காத. நான் அந்தப் பொண்ணுக்கு யாரோ. என்னத் திட்டிகினு இருந்துட்டுப் போவட்டும்.”

எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது! அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை. அழுது முடித்த கையோடு எனக்கு நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு அவர் காளான் எடுக்கவில்லை. பிளாக்கில் பேச்சுப் பரவிவிட்டது. காளானைப் பார்த்துச் சரி என்று சொல்லி ஓர் ஆளைக் கொன்றவர் என்று. இவரால் திருப்பி அனுப்பப்பட்ட அதே பெண்கள், நல்லவேளை நாங்கள் இவர் பேச்சைக் கேட்டுச் சாப்பிடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். செக்‌ஷனில் அவரைத் ‘தெரியாது’ என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வழியில் பார்த்தால், “பாப்பா எத்தினாவது படிக்கிது?” என்று செல்வியின் பிள்ளையை மட்டும் விசாரிப்பார். சர்வீஸ் முடிந்து மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் திதிக்கு நான் செல்வி வீட்டுக்குப் போவேன். இலை போட்டுப் படையல் வைத்துவிட்டு, அவள் தவறாமல் அவரைச் சபிப்பாள். நான் குனிந்து சாப்பிடுவேன்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போனேன். செக்‌ஷனிலிருந்து நாலு பேர்கூட வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்ததும் அழவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி மெதுவாகக் கேட்டார்.

“எதுக்கும் தெரியாது தெரியாதுன்னு சொன்ன மனுசன், அன்னிக்கி ஒரு நாள் மட்டும் ஏன் தம்பி தெரியும்னு சொன்னாரு? எத்தன தடவ கேட்டேன், வாயே தொறக்கல. நீ கூட இருந்தியே.”

அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். அத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டில். கட்டின மனைவிக்கு முன்னாலும் என் பழியோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

“தெரியல அண்ணி,” என்றேன்.

உடலை எடுத்த பிறகு பஸ் ஏறி நேராகக் குள்ளஞ்சாவடிக்குப் போனேன். சாவு வீட்டிலிருந்து வருகிறேன், தண்ணீர் ஊற்று என்று வாசலிலேயே நின்றேன். செல்வி குடத்தோடு வந்தாள். யாருக்கு என்றாள். சொன்னேன். அவள் ஊற்றவில்லை, குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஈரம்கூடப் படாமல் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படம், தாம்பாளம், கொட்டச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, ஷிப்ட் முடிவில் சொன்ன பொய், பந்தலில் வாயை மூடிக்கொண்டது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“எனக்குத் தெரியும்ணா,” என்றாள்.

உள்ளே போய்ப் பழைய போன் ஒன்றை எடுத்து வந்தாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நான் அன்றைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். பம்ப் இரைச்சல். அதற்கு மேலே என் குரல், ஒண்ணும் பயமில்ல என்று. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அவர் குரல்: ‘வேணாம் தம்பி, கொட்டச் சொல்லு.’

கருமாதி முடிந்த அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாளாம். சமைத்த அன்றைக்கு அவசரத்தில் ‘பயமில்ல’ வரைக்கும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

அப்புறம் ஏன் வருஷா வருஷம் அவரைச் சபித்தாய் என்று கேட்டேன்.

“உன்ன வைய முடியலண்ணா. உன்ன வைஞ்சா எனக்குப் போக்கிடம் எங்க இருக்குது? யாரையாவது வையணும்ல. அவரு கேக்கப்போறாரான்னு நெனச்சேன்.” அவள் குடத்தைக் கீழே வைத்தாள். “அவரு வூட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். நாளைக்கே நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“நீ சொல்ல மாட்ட,” என்றாள் செல்வி. “அந்தம்மா நம்பரச் சொல்லு.”

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் விரிசல் விட்ட கண்ணாடியில் நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தாள். பத்தாவது எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் காத்திருந்தாள். அதையும் சொன்னேன்.